'அப்பா வேலை பையனுக்குத்தானே?' - கருணை அடிப்படை அரசு வேலை யாருக்குக் கிடைக்கும், எப்போது கை நழுவும்?

பணியில் இருக்கும்போதே ஓர் அரசு ஊழியர் இறந்துவிட்டால், காரியம் முடிவதற்குள் உறவினர் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். "கவலைப்படாதம்மா, அவர் வேலை பையனுக்கு வந்துடும். அவன் நல்லா படிச்சு முடிக்கட்டும்."

ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தைதான். ஆனால், இதை நம்பிக் காத்திருந்தால் கிடைக்க வேண்டிய வேலையும் போய்விடும். காரணம், இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அந்த வேலை தானாக 'வந்துடாது'. விண்ணப்பம் போட்டு, குடும்பத்தின் நிலையைக் காட்டி, வாங்க வேண்டும். அடுத்தது, 'படிச்சு முடிக்கட்டும்' என்று காத்திருக்க விதிகள் இடம் தராது.

உங்கள் வீட்டில் இப்படி எதுவும் நடக்க வேண்டாம். ஆனால் சித்தப்பா வீட்டிலோ, நண்பன் வீட்டிலோ நடந்தால், போனை வைத்துக்கொண்டு நாலு விஷயம் தேடிச் சொல்லப்போவது நீங்கள்தான். அப்போது தெரிந்திருக்க வேண்டியதைப் பார்த்துவிடலாம்.

இது சொத்து இல்லை, கைதூக்கிவிடும் உதவி!

கருணை அடிப்படையிலான பணி நியமனம் தமிழ்நாட்டில் 1972 முதல் நடைமுறையில் இருக்கிறது. இடையில் எத்தனையோ அரசாணைகள் வந்தன. இப்போது அதற்கென்று தனி விதிகளே இருக்கின்றன. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (கருணை அடிப்படையிலான நியமனம்) விதிகள், 2023.

இந்தத் திட்டத்தின் நோக்கம் ஒன்றுதான். சம்பாதித்துக்கொண்டிருந்தவர் திடீரென இல்லாமல் போனால், அடுத்த மாத வாடகைக்கும் ரேஷனுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் அந்தக் குடும்பம் தவிக்கும். அந்தத் தவிப்பிலிருந்து கைதூக்கி விடுவதுதான் கருணை வேலை. 1994-ல் உமேஷ்குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இறந்தவரின் பதவியை வாரிசுக்குக் கொடுப்பது நோக்கமல்ல, உடனடி நெருக்கடியைச் சமாளிக்க வைப்பதுதான் நோக்கம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றுவரை எந்த நீதிமன்றத்தில் கருணை வேலை கேஸ் நடந்தாலும் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கறார்? டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வுக்காக லட்சக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் படிக்கிறார்கள். அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று அரசியலமைப்பின் 14, 16-வது பிரிவுகள் சொல்கின்றன. அந்தப் பொது விதிக்கு கருணை வேலை ஒரு விலக்கு. விலக்கு என்பதால்தான் தகுதி, காலக்கெடு எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறார்கள்.

யாரெல்லாம் கேட்கலாம்?

பொதுவாக இந்த வரிசையில் பார்க்கப்படும்.

* மனைவி அல்லது கணவர்
* மகன், மகள். சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் இதில் அடக்கம்
* இறந்தவர் திருமணம் ஆகாதவர் என்றால், அவரைச் சார்ந்திருந்த உடன்பிறந்தவர்கள். தமிழ்நாட்டு விதிகளில் பெற்றோருக்கும் இடம் உண்டு

ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலைதான். 'அண்ணன் ஆறு மாசம் பார்த்துட்டு விட்டுட்டான், இப்போ தம்பிக்குக் கொடுங்க' என்று கேட்க முடியாது.

குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் அரசு வேலையிலோ, வேறு நிரந்தர வேலையிலோ இருந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சம்பளம் வரும் ஆள் வீட்டில் இருக்கிறார் என்றால், நெருக்கடி இருக்கிறது என்பதை நிரூபிப்பது கஷ்டம்.

இரண்டாவது திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் கேட்கலாமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. அந்த ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளை ஒதுக்கக் கூடாது என்று 2018-லும் 2022-லும் ரயில்வே ஊழியர்கள் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மற்ற தகுதிகள் இருக்கின்றனவா என்பது வழக்கம்போல் பார்க்கப்படும்.

இறப்புக்கு மட்டுமல்ல, உடல்நலம் முற்றிலும் கெட்டு மருத்துவக் காரணத்தால் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கும் இந்தத் திட்டம் பொருந்தும். மத்திய அரசில் அவர் 55 வயதுக்கு முன் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மத்திய அரசு ஊழியர் காணாமல் போயிருந்தால், போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர் போட்டு, 2 வருடங்கள் ஆகியும் தகவல் இல்லை என்றால் குடும்பத்தினர் விண்ணப்பிக்கலாம்.

3 வருடக் கணக்கு... இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்!

தமிழ்நாடு அரசுப் பணியைப் பொறுத்தவரை, ஊழியர் இறந்த தேதியிலிருந்து 3 வருடங்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஆக, பிள்ளைகள் என்றால் அந்த 3 வருடங்களுக்குள் 18 வயதைத் தொட்டால்தான் கதவு திறக்கும். மனைவி அல்லது கணவருக்கு உச்ச வயது 50.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா 2024 ஜூனில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு 41 வயது, பத்தாம் வகுப்பு பாஸ். மகளுக்கு 19, காலேஜ் இரண்டாம் வருடம். மகனுக்கு 13. இந்த வீட்டில் 2027 ஜூனுக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். மகனுக்கு 18 வயது ஆவது 2029-ல். எனவே, 'பையனுக்கு வாங்கிக்கலாம்' என்று காத்திருந்தால் அந்த வீட்டுக்கு வேலையே கிடையாது. அம்மாவோ மகளோதான் விண்ணப்பிக்க வேண்டும்.

இது வெறும் கணக்கு இல்லை. ஹரியானாவில் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் 1997-ல் பணியின்போது இறந்தார். மகனுக்கு அப்போது 7 வயது. 18 வயது ஆனபிறகு, 2008-ல் அவர் வேலை கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 நவம்பரில் வந்த தீர்ப்பில் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. இறப்பு நடந்து 11 வருடங்கள் கழித்துக் கேட்பதை உடனடி நெருக்கடியாகக் கருத முடியாது என்பதுதான் இதன் அடிப்படை. அம்மா கருணைத் தொகை கேட்டு விண்ணப்பிக்க மட்டும் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது.

விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் சும்மா இருப்பதும் ஆபத்துதான். மேற்கு வங்க உள்ளாட்சி ஊழியர்களின் குடும்பங்கள் தொடர்பான வழக்கில், இவ்வளவு காலம் சமாளித்துவிட்ட பிறகு கருணை நியமனத்துக்கான தேவையே போய்விடுகிறது என்ற ரீதியில் 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்ததோடு விடாமல் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் எழுத்தில் ஆதாரம் வைத்திருக்க வேண்டும்.

அம்மா போகலாமே!

பல வீடுகளில் மகன் சின்னப் பையனாக இருக்கும்போது, 'அவ எங்க ஆபீஸ் போய் உட்காரப் போறா?' என்று அம்மாவின் பெயரைப் பேச்சிலேயே எடுக்க மாட்டார்கள். அம்மாவும் 'எனக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்கிக்கொள்வார். இங்கேதான் நீங்கள் பேச வேண்டும்.

விதிகளில் முதலில் இருப்பதே மனைவியின் பெயர்தான். 8-ம் வகுப்பு பாஸ் என்றால் அலுவலக உதவியாளர் பணிக்கும், பத்தாம் வகுப்பு பாஸ் என்றால் இளநிலை உதவியாளர் பணிக்கும் கேட்கலாம். தமிழ்நாடு அரசில் ஓய்வு வயது 60. 41 வயதில் சேரும் அம்மாவுக்கு 19 வருட சர்வீஸ் இருக்கும். மகள் காலேஜை விட வேண்டியதில்லை, மகன் ஸ்கூலை விட வேண்டியதில்லை. ஃபைல் பார்ப்பதும் கம்ப்யூட்டரில் டைப் செய்வதும் ஆறே மாதத்தில் பழகிவிடும்.

'மறுமணம் செய்துகொண்டால் வேலை போய்விடுமா?' என்ற பயம் இளம் வயதில் கணவரை இழந்தவர்களுக்கு இருக்கும். மத்திய அரசு விதிகளில் இதற்கு நேரடி பதில் உண்டு. கருணை அடிப்படையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மறுமணம் செய்துகொண்டாலும் அவர் பணியில் தொடரலாம்.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, 50 வயதைத் தாண்டிவிட்டார் என்றால்தான் பிள்ளைகளில் யார் என்ற கேள்விக்கு வர வேண்டும். அப்போதும் மகள்தான் மூத்தவர், தகுதியானவர் என்றால், 'அவ கல்யாணம் ஆகிப் போயிடுவா' என்று தள்ளிவிட வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் டிகிரி முடிக்கலாம். துறையின் அனுமதியோடு அடுத்த நிலை தேர்வுகளையும் எழுதலாம்.

திருமணமான மகள் கேட்கலாமா?

கேட்கலாம். முன்பெல்லாம் 'கல்யாணம் ஆகிடுச்சா, அப்போ கிடையாது' என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருமணமான மகனுக்குத் தடை இல்லாதபோது மகளுக்கு மட்டும் ஏன் தடை என்ற கேள்வி பல உயர் நீதிமன்றங்களுக்குப் போனது. இது பாகுபாடு என்று 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. திருமணமான மகள்களை ஒதுக்கிய கர்நாடக விதியை அம்மாநில உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் செல்லாததாக்கியது. அடுத்த வருடம், இதே பிரச்னையில் கர்நாடக அரசு செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மத்திய அரசிலும் திருமணமான மகள் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். திருமணம் தடை இல்லையே தவிர, 'அப்பாவைச் சார்ந்து இருந்தேன், இனி இந்தக் குடும்பத்தை நான்தான் பார்த்துக்கொள்வேன்' என்பதைக் காட்ட வேண்டியிருக்கும்.

அப்பா டாக்டர்... எனக்கு என்ன வேலை?

அப்பா எந்தப் பதவியில் இருந்தாலும் சரி, கருணை அடிப்படையில் கிடைப்பது சி மற்றும் டி பிரிவுப் பணிகள் மட்டுமே. இளநிலை உதவியாளர், தட்டச்சர், அலுவலக உதவியாளர் போன்ற வேலைகள். அப்பா அரசு மருத்துவராக இருந்து, நீங்களும் எம்.பி.பி.எஸ் முடித்திருந்தாலும் மருத்துவர் பணி கிடைக்காது. அம்மா ஆசிரியையாக இருந்து, நீங்கள் பி.எட் முடித்திருந்தாலும் ஆசிரியர் பணி கிடைக்காது. அதற்கு வழக்கமான தேர்வு வழிதான்.

'இப்போதைக்குக் கிடைச்சதுல சேர்ந்துக்கலாம், அப்புறம் பெரிய போஸ்ட் கேட்டுக்கலாம்' என்ற திட்டமும் வேலைக்கு ஆகாது. ஒரு பணியை ஏற்றுக்கொண்டதும் கருணை அடிப்படையிலான உரிமை முடிந்துவிடுகிறது என்று ராஜஸ்தான் தொடர்பான வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் தகுதிக்கு எந்தப் பணி கேட்கலாம் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். சேர்ந்த பிறகு மேலே போக வழக்கமான பதவி உயர்வும் தேர்வும்தான் வழி.

மத்திய அரசு வேலை என்றால்..?

தபால் துறை, வருமான வரித்துறை, பாதுகாப்புத் துறை சிவில் ஊழியர்கள் போன்றோருக்கு விதிகள் வேறு. இங்கே சி பிரிவில் நேரடி நியமனத்துக்கான காலியிடங்களில் 5 சதவிகிதம்தான் கருணை அடிப்படைக்கு. முன்பு இருந்த 3 வருட வரம்பு 2012-ல் நீக்கப்பட்டது. அதற்காகத் தாமதிக்கலாம் என்று அர்த்தமில்லை. 'இத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்சீங்க?' என்ற கேள்வி நிச்சயம் வரும்.

இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதால் பல துறைகளில் மதிப்பெண் போட்டுத்தான் தேர்வு செய்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு, கைக்கு வந்த பணப்பலன்கள் எவ்வளவு, சொந்த வீடு, நிலம் உண்டா, சார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர், திருமணமாகாத மகள்கள், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், இறந்தவருக்கு இன்னும் எத்தனை வருட சர்வீஸ் பாக்கி இருந்தது... எல்லாமே கணக்கில் வரும். நெருக்கடி எவ்வளவு அதிகமோ, மதிப்பெண்ணும் அவ்வளவு அதிகம். எனவே, விண்ணப்பத்தில் குடும்ப விவரங்களை ஒன்றுவிடாமல், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். கௌரவத்துக்காகக் கடனை மறைப்பதும் தப்பு, வேலைக்காக வருமானத்தை மறைப்பதும் தப்பு. பொய்த் தகவல் பின்னாளில் தெரியவந்தால் வேலையே போய்விடும்.

ரயில்வே, பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. இறந்தவர் எங்கே வேலை பார்த்தாரோ, அந்த நிறுவனத்தின் இப்போதைய விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாநிலத்துக்கு மாநிலமும் விதி மாறும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நம்ப வேண்டாம்.

முதல் சில மாதங்களில் செய்ய வேண்டியவை

1. இறப்புச் சான்றிதழைப் பல நகல்களாக வாங்கிவிடுங்கள். பெயர், இன்ஷியல், தேதி எல்லாம் பணிப்பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக ஃபைல் மாதக்கணக்கில் நிற்கும்.

2. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். விசாரணை முடித்து தாசில்தார் அலுவலகம் வழங்கும் சான்று இது. எல்லா வாரிசுகளின் பெயரும் இருக்க வேண்டும்.

3. வருமானம், சொத்து, குடும்ப நிலை குறித்த தாசில்தார் சான்று. மனைவியோ கணவரோ விண்ணப்பித்தால், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கான சான்றும் கேட்பார்கள்.

4. மற்ற வாரிசுகளிடம் 'இவருக்கு வேலை தருவதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை' என்று எழுதி வாங்க வேண்டும். குடும்பத்தில் மனக்கசப்பு வளர்வதற்கு முன்பே, எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

5. கல்விச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ.

6. விண்ணப்பத்தை, இறந்தவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்த தேதியுடன் ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். '3 வருடத்துக்குள் கொடுத்தோம்' என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

7. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனில் ஒரு ஃபோல்டரில் போட்டு, மெயிலுக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள்.

குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், குடும்பப் பாதுகாப்பு நிதி ஆகியவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேலை கிடைக்கும்வரை வீடு நடக்கப்போவது அந்தப் பணத்தில்தான். ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தி வைக்க வேண்டாம்.

'ரெண்டு லட்சம் கொடுங்க, உங்க பெயரை மேல கொண்டுவந்துடுறேன்' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். பட்டியலுக்கும் நியமனத்துக்கும் விதிகள் இருக்கின்றன. அப்பாவின் பணிக்கொடைப் பணம் அப்படி யார் கைக்கும் போய்விடக் கூடாது.

பதில் வரவில்லை என்றால்..?

காலியிடம் வந்தால்தான் வேலை என்பதால் காத்திருப்பு தவிர்க்க முடியாதது. தமிழ்நாட்டில் கருணை நியமனத்துக்கான 5 சதவிகித உச்சவரம்பை மீண்டும் 25 சதவிகிதமாக்க வேண்டும் என்பது அரசு ஊழியர் சங்கங்கள் தொடர்ந்து முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று. இந்த வரம்பு ஏறுவதும் இறங்குவதும் நேரடியாக உங்கள் காத்திருப்பைப் பாதிக்கும்.

ஆனால், முடிவே சொல்லாமல் இழுத்தடிப்பது வேறு விஷயம். முழுமையான விண்ணப்பம் கிடைத்த 6 மாதங்களுக்குள் அதிகாரிகள் முடிவெடுக்க வேண்டும் என்று 2022-ல் ஒடிசா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைக் குறிப்பிட்டே நினைவூட்டல் கடிதம் எழுதலாம்.

அதற்கும் பதில் இல்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் ஓர் ஆர்.டி.ஐ மனு போடுங்கள். 'என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, முன்னுரிமைப் பட்டியலில் எத்தனையாவது இடம்?' என்று கேளுங்கள். 30 நாள்களில் பதில் தர வேண்டும்.

நிராகரித்தால், காரணத்துடன் எழுத்துபூர்வமான உத்தரவு கேளுங்கள். 'கிடையாதுப்பா, போயிட்டு வா' என்று வாயால் சொல்வதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. மாநில அரசுப் பணி என்றால் உயர் நீதிமன்றத்தையும், மத்திய அரசுப் பணி என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தையும் அணுகலாம். வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள்.

வேலை கிடைத்த பிறகு...

சேரும்போது ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். 'இறந்தவரைச் சார்ந்திருந்த மற்றவர்களை நான் பராமரிப்பேன்' என்பது அதன் சாரம். இது சம்பிரதாயம் இல்லை. மத்திய அரசு விதிகளின்படி, இதை மீறிக் குடும்பத்தைக் கைவிட்டால் பணி நீக்கம் வரை போகலாம்.

அந்த உறுதிமொழி சொல்வது எளிமையான விஷயம்தான். உங்கள் பெயரில் வந்த வேலை என்றாலும், அது உங்கள் ஒருவருக்காகக் கொடுக்கப்பட்டதில்லை. அம்மாவின் மருந்துச் சீட்டும், தம்பியின் ஸ்கூல் ஃபீஸும், தாத்தா பாட்டியின் சாப்பாடும் அந்தச் சம்பளத்தில் அடக்கம். ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்ட தங்கை தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்த முறை ஒரு துக்க வீட்டில், 'பையன் படிச்சு முடிக்கட்டும்' என்று யாராவது சொன்னால், அங்கே விவாதம் வேண்டாம். சில நாள்கள் போகட்டும். பிறகு அந்த அம்மாவிடம் போய், "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். அப்படியே அவரோடு இ-சேவை மையத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.